எத்தனை கிலோ இளைத்தாள்?

முன்பெல்லாம் பெண் பார்க்க வந்தால் பாடத் தெரியுமா என்று கேட்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா கோமளவல்லி சொஜ்ஜியைத் தொடுவதற்கு முன்பே, "உடம்பு இளைக்கிற இரைப்பை ஆபரேஷன் முடிஞ்சு பொண்ணு எவ்வளவு இளைச்சா?" என்றாள்.

"இருபத்திரண்டு கிலோ" என்று முனகினார் யாழினியின் அப்பா.

"ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் நாற்பது இளைக்குதுங்க. சுகர் இருக்கிறவங்களுக்குத்தான் ஆபரேஷன் பண்ணியும் இப்படி அரைகுறையா இளைக்கும்." கோமளவல்லி உதட்டைப் பிதுக்கினாள்.

சோபாவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை யாழினி ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க பிள்ளை எவ்வளவு இளைச்சாரும்மா?"

"ஆம்பளைப் பிள்ளைக்கு எதுக்கடி ஆபரேஷன்?"

மாப்பிள்ளை நாலாவது பஜ்ஜிக்குக் கை நீட்டினான். யாழினி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அம்மாடி!" என்று பதறினார் அப்பா.

"இருங்கப்பா. ஆபரேஷன் பண்ணி இளைச்சுப் பார்க்காததால, இவருக்குச் சுகர் இருக்கா இல்லையான்னு இவங்க வீட்டுல யாருக்குமே தெரியாது. பஜ்ஜியைக் கொடுத்துக் கொன்ன பாவம் நமக்கெதுக்கு?"