சோதிக்காமல் விடவும்

“ஊர்க் குப்பையைத் தடுக்கச் சொன்னா, புருஷன் மெயிலையே தடுக்கிறியே! ரெண்டு தடவை திரும்பி வந்துடுச்சு” என்று பஸ்ஸிலிருந்து போனில் சிரித்தார் கணவர். “இறங்கினதும் மறுபடி அனுப்பறேன். வழி விட்டு வைங்க மேடம்.”

“விடறேன், விடறேன். வேலை தலைக்கு மேல கிடக்கு, போனை வைங்க” என்றாள் அவள். அலுவலகத்துக்கு வரும் மெயில்களையெல்லாம் சலித்து உள்ளே விடும் ஃபில்டர் அவள் பொறுப்பு.

அந்த ஃபில்டரையும் ஏய்த்துவிட்டுக் குப்பை மெயில் கொட்டியது. அது கிளம்பும் சர்வர்களின் எண்களை ஒவ்வொன்றாகத் தடுத்தாள். ஒன்றை அடைத்தால் பத்திலிருந்து வந்தது. யாரோ ஒரு மெயிலைத் தெரியாமல் திறந்ததில், கிடங்குப் பிரிவின் நான்கு கம்ப்யூட்டர்களும் முடங்கிப் போயின.

வந்து ஒரு மாதமே ஆன புது மேலாளர், அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“ஒன்பது நாளா என்னம்மா தேடறே? நாலு மணிக்கு வெளியாட்கள் வராங்க. ஃபில்டர்ல இருக்கிற பழைய விதி ஒண்ணு விடாம துடைச்சிட்டுப் புதுசா போடப்போறாங்க.”

அவள் நாற்காலியோடு திரும்பினாள். “வேண்டாம் சார். ஒரே ஒரு நாள் கொடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்.”

“அட, உன் வேலை ஒண்ணும் போகாதும்மா. வீட்டுக்காரர்கிட்ட இன்னிக்கு லேட்டாகும்னு சொல்லிடு.”

பக்கத்து நாற்காலி அக்கா சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

மேலாளரே மவுஸை வாங்கி, விதிப் பட்டியலை மேலே தள்ளினார். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. ‘இந்த முகவரியிலிருந்து வருவதைச் சோதிக்காமல் விடவும்.’ எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

“குப்பை மொத்தமும் இந்த முகவரியைப் போட்டுக்கிட்டுத்தானே வருது! கதவைத் திறந்து வச்சதே நீதானா?”

“முதல் நாளே தெரியும் சார். மூட மனசு வரலை.”

“யாரோட முகவரி இது?”

“என் வீட்டுக்காரரோடது. பஸ்ஸை விட்டு இறங்கினதும் மெயில் அனுப்பறேன்னார்.”

விதி எழுதப்பட்ட தேதியை மேலாளர் அப்போதுதான் கவனித்தார். பத்து மாதம் ஆகியிருந்தது.

“அந்த பஸ் இன்னும் வந்து சேரலை, சார்.”