திட்டக்கூடாத நாள்

முக்காலி போட்டு, அதன் மேல் ஏறி நின்று, மதில் சுவருக்கு மேலே கழுத்தை நீட்டிச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஒன்பது வயது ஹான்யூ. மத்தியானத்திலிருந்து இதே வேலைதான். மூக்கு நுனி குளிரில் சிவந்துபோயிருந்தது.

"உள்ள வாடி! பஸ் வந்தா ஹாரன் சத்தம் கேட்காதா?" என்றாள் அம்மா குய்லான், மீனின் செதிலைச் சுரண்டியபடி.

"இன்னும் எத்தனை பஸ்மா இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணு. கவலப்படாத, அதுல வந்துடுவாரு."

ஹான்யூவின் முகம் வாடிவிட்டது. வருஷம் முழுக்கத் தெற்கே டைல்ஸ் கம்பெனியில் கிடக்கும் அப்பன் மேல் பிள்ளைக்கு இவ்வளவு பாசமா என்று குய்லான் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாசத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் ஹான்யூ மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது வேறு. அந்தக் கடைசி பஸ்ஸில் அப்பா வரவே கூடாது!

அப்பா தேஷெங் உயிராக வைத்திருந்த தூண்டில் கழியைத் திருட்டுத்தனமாக எடுத்துப் போய், பக்கத்து வீட்டு மரத்தில் பம்பளிமாஸ் தட்டியிருந்தாள். பழம் விழவில்லை, கழிதான் இரண்டாக முறிந்தது. துண்டுகள் இப்போது போர்வைப் பெட்டிக்குப் பின்னால் கிடக்கின்றன. அப்பா சாதுதான், ஆனால் வீட்டுக்குள் கால் வைத்ததும் முதலில் தேடுவது அந்தத் தூண்டிலைத்தான்.

தப்பிக்க ஒரே வழி இருந்தது. விடிந்தால் சீனப் புது வருஷம். முதல் நாள் யாரும் யாரையும் திட்டக்கூடாது, கை ஓங்கக்கூடாது. அன்றைக்கு வீட்டில் ஒரு வசவு விழுந்தால் வருஷம் முழுக்க வசவாகவே இருக்கும். ஆக, அப்பா நாளைக்கு வந்தால் பிழைத்தாள், இன்றைக்கே வந்தால் தொலைந்தாள்.

போன வாரமே அவள் பாதி வேலையை முடித்துவிட்டாள். வருஷக் கடைசியில் வீட்டுச் சங்கதிகளை மேலுலகத்தில் போட்டுக்கொடுக்கக் கிளம்பும் அடுப்படி சாமியின் படத்துக்கு எல்லோரும் வாயில் கொஞ்சம் இனிப்பு தடவி அனுப்புவார்கள். ஹான்யூ ஒரு உருண்டையையே அப்பி அவர் வாயை அடைத்திருந்தாள்.

"லீவு குடுத்தாத்தானே சீக்கிரம் வருவாரு?" குய்லான் பேசிக்கொண்டே போனாள். "எங்க அண்ணன் பத்துப் பேர்கிட்ட கெஞ்சி வாங்கிக் குடுத்த வேலை. இவரு இஷ்டத்துக்கு வர முடியுமா?"

பேச்சோடு பேச்சாக, மூலையில் கிடந்த பார்சலைக் காலால் ஓரம் தள்ளினாள். "ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி அனுப்பியிருக்கிற சாமானைப் பாரு. பனி கொட்டுற நேரத்துல டேபிள் ஃபேன்! இந்த மனுஷனுக்கு மூளைன்னு ஒண்ணு இருந்தாத்தானே?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மீன் கையோடு ஸ்பீக்கரில் போட்டாள்.

"குய்லான், கடைசி பஸ்ஸை விட்டுட்டேன். டவுன்லயே தங்கிட்டு, நாளைக்குக் காலையில வந்துடறேன்."

"வருஷத்துல ஒரே ஒரு நாள் குடும்பமா உக்காந்து சாப்பிடறது! அதுக்கும் உங்களுக்குக் கொடுத்து வைக்கலையா? பஸ் ஸ்டாண்டுல தூங்கிட்டிருந்தீங்களா?" குய்லான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் "சரி... சரி..." என்பதைத் தவிர வேறு சத்தமே இல்லை.

ஹான்யூ முக்காலியிலிருந்து ஒரே குதியாகக் குதித்தாள்.

சந்தோஷமெல்லாம் சாப்பாட்டு மேஜை வரைக்கும்தான். அப்பாவின் இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்து, பக்கத்தில் சாப்பாட்டுக் குச்சிகளையும் வைத்து, அதில் முதல் மீன் துண்டைப் போட்டாள் அம்மா. ஊரே வெடி வெடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஹான்யூவுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு அடி வாங்கினாலும் பரவாயில்லை, அப்பா வந்திருக்கலாம் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை, தோளில் பனியும் இரண்டு கையிலும் மூட்டையுமாக தேஷெங் வாசலில் நின்றார். ஹான்யூ ஓடிப் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் கொட்டினாள்.

"அப்பா புது வருஷ வாழ்த்து உங்க தூண்டிலை நான்தான் உடைச்சேன் இன்னைக்குத் திட்டக்கூடாது!"

"அடிப் பாவி..." என்று ஆரம்பித்த குய்லான், சட்டென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

தேஷெங்கின் முகம் ஒரு நிமிஷம் தொங்கிப்போனது. பிறகு என்ன தோன்றியதோ, மெதுவாக மனைவியைப் பார்த்தார். "ஏன் குய்லான், இன்னைக்கு யாரையுமே திட்டக்கூடாதுல்ல?"

"யாரையும்தான்" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"புருஷனையும்?"

"புருஷனையும்தான். எதுக்குக் கேக்கறீங்க?"

தேஷெங் மகளைத் தூக்கித் தனக்கு முன்னால் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டார். "கம்பெனி வேலையை விட்டுட்டேன். இனிமே இங்கதான். நம்ம ஊர்க் குளத்துல மீன் வளர்க்கப் போறேன்."

குய்லானின் வாய் திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது. மூலையில் கிடந்த ஃபேன் பார்சலை ஒரு முறை முறைத்துவிட்டு, விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். பாத்திரங்கள் மட்டும் தடதடவென்று உருண்டன. பிறகு அவள் குரல் கேட்டது. "மீனைச் சூடு பண்றேன், வந்து சாப்பிடுங்க. ரெண்டு பேருக்கும் நாளைக்கு இருக்கு!"

ஹான்யூ அப்பாவின் காதோடு கேட்டாள். "நேத்து நெஜமாவே பஸ் கிடைக்கலையாப்பா?"

"பஸ் கிடைச்சுதுடி. தைரியம்தான் கிடைக்கல."