நீல ஸ்டிக்கர் மேஜை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கும் அக்கா சொன்னது. நான் உளவியல் படித்து முடித்ததிலிருந்து இந்த மாதிரிக் கதைகளை என்னிடம்தான் கொண்டுவருகிறாள்.

“அந்தப் பாலிஷ்காரருக்கு ஈவு இரக்கமே இல்லைன்னு நினைச்சேன்டி” என்றுதான் ஆரம்பித்தாள்.

லேபில் ஓர் ஏற்பாடு. பயிற்சியாளர் ஒருவர் வந்து எல்லோரிடமும் கேள்விகள் கேட்டு, யாருக்கு எப்படிப்பட்ட குணம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்படி மேனேஜர் மேடம் மேஜைக்கு மேஜை ஸ்டிக்கர் ஒட்டினார். மஞ்சள் என்றால் கலகலப்பானவர். நீலம் என்றால் தனிமை விரும்பி. வேலை விஷயம் தவிர அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

நல்ல ஏற்பாடுதான். சண்டை சச்சரவு குறைந்ததாம்.

அச்சில் பிளாஸ்டர் ஊற்றுகிறவருக்கு நீலம். வேறு பிராஞ்சிலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த நாளிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை. சாப்பாடும் அதே மேஜையில், தனியாக. எல்லோரும் மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள்.

அப்புறம் அவருடைய பழைய பிராஞ்சிலிருந்தே, பல் செட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பாலிஷ்காரர் வந்து சேர்ந்தார். வந்த அன்றே நீல மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“என்ன மாப்ளே, இந்தப் பல் செட்டைப் பார்த்தியா? இதைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் சிரிச்சான்னு வை, மாமியார் வீட்டுல கதவைச் சாத்திடுவாங்க!”

சிரித்தது அவர் ஒருவர்தான்.

பிளாஸ்டர்காரர் “ம்” என்பார். சில நாள் அதுவும் கிடையாது. இவர் விடமாட்டார். மழை, பஸ், கடிக்கிற செருப்பு, தூக்கத்தில் வந்த கனவு என்று தினமும் ஏதாவது ஒன்று. டிபன் டப்பாவைப் பிடுங்கித் திறந்தும் பார்ப்பார்.

“ஏன் அப்படியே இருக்கு? யாருக்கு மிச்சம் வைக்கிற?”

ஒரு நாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, ஸ்டிக்கர் கண்ணுக்குத் தெரியலையா? அந்த மனுஷனைக் கொஞ்சம் நிம்மதியா விடுங்களேன்.”

“தெரியுதும்மா” என்றவர், ஸ்டூலை இன்னும் கிட்டே நகர்த்தினார்.

அக்கா நேராகப் போய்ப் புகார் கொடுத்துவிட்டாள். மேடம் அவளையும் பாலிஷ்காரரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“இன்னொரு தடவை இது என் காதுக்கு வந்தா உங்களை வந்த இடத்துக்கே அனுப்பிடுவேன். அவர் குணம் அப்படி. நீங்க மதிச்சுத்தான் ஆகணும்.”

பாலிஷ்காரருக்கு வியர்த்துவிட்டது. அவ்வளவு வாய் பேசுகிறவர் வார்த்தைக்குத் திணறினாராம்.

“மேடம்... அது அவர் குணம் இல்ல.”

“பின்னே?”

“அங்க இவர் சிரிச்சா தெரு முனை வரைக்கும் கேட்கும். சத்தம் தாங்கலைன்னு பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கே வந்திருக்கார். அப்புறம்... என்னவோ ஆச்சு. கேட்டா சொல்லலை. மாத்தல் வாங்கிட்டு இங்க வந்துட்டார். அதான் நானும் கேட்டு வாங்கிட்டு வந்தேன். இவரைத் தனியா விட... பயமா இருக்கு மேடம்.”

மேடம் உடனே பயிற்சியாளருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டதால் அக்காவுக்கும் பதில் கேட்டது.

“குணம்ங்கிறது வருஷக்கணக்கா கூடவே வர்றது மேடம், லேசில மாறாது. கலகலன்னு இருந்தவர் திடுதிப்னு அடங்கிப் போய், சாப்பாட்டையும் விட்டுட்டார்னா அதைக் குணம்னு எடுத்துக்காதீங்க. நோயா இருக்கலாம். முதல்ல ஒரு மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. முன்னாடி எப்படி இருந்தார்னு நான் கேட்டிருக்கணும். கேட்காம விட்டுட்டேன்.”

மேடமே எழுந்து நீல மேஜைக்குப் போனார். மெதுவாகத்தான் கேட்டார்.

“உங்களுக்கு என்ன பண்ணுது? எங்க யாருக்கும் கேட்கத் தோணலை பாருங்க.”

பிளாஸ்டர்காரர் விரலில் காய்ந்திருந்த பிளாஸ்டரை உரித்துக்கொண்டே இருந்தார்.

“யாரும் கேட்கக் கூடாதுன்னுதான் மேடம் அன்னைக்கு அந்தப் பயிற்சியாளர்கிட்ட தனியா இருக்கத்தான் பிடிக்கும்னு சொன்னேன். ஸ்டிக்கர் எனக்கு வசதியா இருந்துச்சு. ஒரு நாள் நான் இல்லாமலே போயிட்டாலும் யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். இவன் ஒருத்தன்தான் அதுக்கு இடம் கொடுக்கலை.”

அன்றைக்கே டாக்டரிடம் போனார்கள். பாலிஷ்காரர்தான் கூடப் போனார். பிளாஸ்டர்காரர் இப்போது மருந்து எடுக்கிறார், டாக்டர் சொன்ன ஆலோசகரிடமும் போய்ப் பேசுகிறார். சாப்பாடு இறங்குகிறது. சிரிப்பு இன்னும் தெரு முனைக்குப் போகவில்லை; வாசல் வரைக்கும் வருகிறதாம்.

“என்ன இருந்தாலும் வாயாடியா பிறக்கிறதும் ஒரு கொடுப்பினைடி” என்று முடித்தாள் அக்கா. “அந்த மனுஷனுக்குப் பேச்சுதான் மூச்சு. அதனாலதான் அவரால முடிஞ்சுது.”

எழுதுவதற்கு முன் சரிபார்த்துவிடலாம் என்று அந்தப் பழைய பிராஞ்சுக்குப் போன் செய்தேன். வரவேற்பில் பல வருஷமாக இருக்கும் அம்மா எடுத்தார். நோயைப் பற்றி எதுவும் சொல்லாமல், பாலிஷ்காரரைப் பற்றி மட்டும் கேட்டேன்.

“வாயாடியா? அவரா?” அந்தம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “இத்தனை வருஷத்துல அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லம்மா. எதைக் கேட்டாலும் தலையாட்டுவார், அவ்வளவுதான். அவருக்கும் சேர்த்து அந்த பிளாஸ்டர்காரர்தான் பேசிக்கிட்டு இருப்பார்.”