சரியாயிடுச்சு, நன்றி

கம்ப்யூட்டரைப் புதுப்பித்ததும் என் பழைய சவுண்ட் கார்டு ஊமையாகிவிட்டது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளில் புதிது கிடையாது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது.

இணையத்தில் தேடினால், அதே கோளாறில் ஒரே ஒருவர் மாட்டியிருந்தார்: அமெரிக்காவில் டுலூத் நகரத்து வென்டல் நைக்விஸ்ட். பல வாரம் புலம்பிவிட்டு, கடைசியாக ஒரே வரி எழுதியிருந்தார்: "சரியாயிடுச்சு, நன்றி."

எப்படி என்று எழுதினால் குறைந்தா போவார், பாவி மனுஷன்? எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார்.

"அந்த சவுண்ட் கார்டை உங்க வீட்டுக்காரர் எப்படிங்க சரிபண்ணினார்?"

"அவர் எங்க சரிபண்ணினார்? அதை எழுதினது நான்."

"நீங்களா?"

"அவரை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு எழுதினேன், தம்பி. வீடே அமைதியாக் கிடந்துச்சு. கம்ப்யூட்டர்ல யாரோ கேட்டிருந்தாங்க, 'என்ன வென்டல், இன்னும் சத்தமே வரலையா?'ன்னு."