கதவுவரை வந்தவன்

"அந்தப் பையன் வீட்டுக்குள்ளே போனானா, இல்லையா சார்?"

படம் முடிந்து நடந்த கலந்துரையாடலில், கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மாள் இதையே மூன்றாவது முறையாகக் கேட்டார்.

மேடை விளக்கில் கண் கூசியதில் இயக்குநருக்கு ஆள் தெரியவில்லை. மைக்கில் குரல் மட்டும் வந்தது.

வீட்டைவிட்டு ஓடிப்போன பையன் இருபது வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். கொட்டுகிற மழையில் வாசல் கதவில் கை வைக்கிறான். அத்தோடு படம் முடிந்துவிடும். அந்த முடிவுக்காகத்தான் பத்திரிகைகள் இயக்குநரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. கதை முழுக்கக் கற்பனை என்று பேட்டிகளில் சொல்லிக்கொண்டிருந்தார். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் முறை கேட்டபோது, வாழ்க்கையில் எதற்குமே முடிவு கிடையாது, படத்துக்கு மட்டும் எதற்கு என்றார் பொறுமையாக. இரண்டாம் முறை, ரசிகர்களுக்கு எல்லாவற்றையும் ஊட்டிவிட முடியாது என்றார். அதற்கும் கைதட்டல்.

இப்போது கொஞ்சம் சூடாகிவிட்டார்.

"சுபம்னு போட்டாத்தான் உங்களுக்குத் தூக்கம் வருமாம்மா?"

அரங்கமே சிரித்தது. மைக்கைத் திரும்ப வாங்க ஒருவர் கை நீட்டினார். அந்த அம்மாள் கொடுக்கவில்லை.

"எனக்கில்லை சார். வீட்டுல ஒருத்தங்க படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்களால இங்க வந்து பார்க்க முடியாது. போனதும் முடிவு என்னன்னுதான் முதல்ல கேட்பாங்க. போனான்னா சந்தோஷம். போகலைன்னாலும் சரி, சொல்லிடுங்க. இப்படி நடுவுல தொங்கவிட்டா எப்படி?"

"அதை நீங்களே முடிவு பண்ணிக்கங்க. அது என் வேலை இல்லை."

மறுபடியும் கைதட்டல். அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அந்த அம்மாள் மெதுவாகப் பேசினார்.

"கதவு திறக்க வராம அங்கேயே நின்னுட்டானோன்னு நினைச்சேன் சார். பூட்டெல்லாம் போடுறதில்லை. மழைன்னா ஊறிப்போய்ப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான். லேசா மேலே தூக்கித் தள்ளினாப் போதும்."

இயக்குநரின் வாய்வரை போன தண்ணீர் பாட்டில் அப்படியே நின்றது.

படத்தில் கதவைத் தள்ளுகிற காட்சியே இல்லை. மழை நாளில் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும் கதவு, அவருக்குத் தெரிந்து உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. நிற்கிற விதம் மட்டும் மாறவே இல்லை.

"வீட்டுல... யாரு கேட்டாங்க, அக்கா?" என்றார்.

அரங்கத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"அம்மாதான்டா சுண்டு. உன்கிட்டயே கேட்டுட்டு வரச் சொன்னாங்க."