இன்னும் கொஞ்சம் கீறல்

“டூத் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சீங்களா?” ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுக் கேட்டார் கடைக்காரர்.

“தேய்ச்சேண்ணே. புதினா வாசனைதான் மிச்சம்” என்று தலையைக் குனிந்துகொண்டார் வந்தவர். நாற்பது வயது, கொஞ்சம் தொப்பை, நிறையத் திருட்டு முழி.

கடைக்காரர் கண்ணாடியை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நெற்றிப் பக்கம் மட்டும் சரமாரியாகக் கீறல்கள். இடுக்குகளில் அங்கங்கே சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

“எதுல போய் இடிச்சீங்க சார்?”

“பிரேக் போட்டப்ப இடிச்சதுண்ணே.”

“பிரேக் போட்டா இடிக்காது சார். போடலைன்னாத்தான் இடிக்கும்.”

வந்தவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “ஆறு மணிக்கு வீட்டுக்காரி இங்க வந்துடுவா. அதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணணும். எதிர்ல இருக்கற பல் ஆஸ்பத்திரியிலதான் வேலை. ஊர்ல உள்ளவங்களையெல்லாம் வாயைத் திறங்கன்னு சொல்றவ, என்னைப் பாத்தா மட்டும் வாயை மூடுங்கன்னு சொல்றா.”

கடைக்காரர் சிரித்தார். அவரும் கல்யாணமானவர்தான்.

“விஷயம் என்னன்னா, இன்னிக்குத்தான் முதல் தடவையா மெயின் ரோட்டுல போறோம். இத்தனை நாள் சந்து பொந்துலயே சுத்திட்டிருந்தோம். அங்கயே எதுனா குறுக்க வந்தா நான் கத்திடுவேண்ணே. நேத்து ஒரு பூனை வந்துச்சு. பூனை பாட்டுக்குப் போயிடுச்சு. நான் போட்ட சத்தத்துல நாலு வீட்டுக் கதவு தொறந்துச்சு.”

“அப்புறம்?”

“‘இன்னிக்கு ஒரே ஒரு தடவை கத்துனீங்க, ஜென்மத்துக்கும் இந்த வண்டியத் தொட மாட்டேன்’னு சொல்லிட்டா. சொன்னா செஞ்சுடுவாண்ணே.” அவர் குரல் இறங்கியது. “அவ ஆசைப்பட்டு வாங்குன வண்டி.”

“கோவத்தைக் குறைங்க சார். ரோடுன்னா ஆயிரம் பேர் குறுக்க வரத்தான் செய்வாங்க” என்றபடி கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு புதுக் கண்ணாடியை எடுத்தார். “இதை மாட்டித் தர்றேன். சும்மா தண்ணி மாதிரி தெரியும். எறும்பு ரோட்டைக் கடந்தாக்கூடக் கண்ணுக்குத் தப்பாது.”

வந்தவரின் முகம் வெளுத்துப்போனது.

“எறும்பா? வேணாம்ணே! எனக்கு லாரியே தெரியக் கூடாது!”

கடைக்காரரின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் மேசையில் விழுந்து உருண்டது.

“இதையே இன்னும் கொஞ்சம் கீறிக் குடுங்கண்ணே. பாத்திரம் தேய்க்கற கம்பி நார் இருந்தா நாலு இழு இழுத்தாப் போதும். டூத் பேஸ்ட் போட்டாக் கண்ணாடி பாழாயிடும்னு யாரோ சொன்னாங்க. நம்பித் தேய்ச்சேன். பாழாப்போனது முன்னைவிடப் பளிச்சுன்னு ஆயிடுச்சு!”

“மங்கலா வேணும்னா கறுப்புக் கண்ணாடி இருக்கே?” என்று வியாபாரப் பழக்கத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார் கடைக்காரர்.

“கறுப்புன்னா அவ கண்டுபிடிச்சுடுவா. கீறல்னா, எப்பவும் இருக்கறதுதானேன்னு விட்டுடுவா. கண்ணுல பட்டாத்தானேண்ணே நான் கத்துறேன்? படலைன்னா?”

“படலைன்னா போய்ச் சேர வேண்டியதுதான்!” கடைக்காரர் ஹெல்மெட்டைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார். “பதினெட்டு வருஷமா நாலு பேர் தலையைக் காப்பாத்துற தொழில் பண்றேன் சார். ஆளை முடிக்கறதுக்கு என் கடையில நார் கிடையாது. நீங்க எக்கேடோ கெட்டுப் போங்க. பின்னாடி உங்களை நம்பி உக்காந்து வர்ற அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?”

“அண்ணே, நான் சொல்ல வர்றது என்னன்னா…”

“ஒண்ணும் சொல்ல வேணாம்!”

வந்தவர் ஹெல்மெட்டை ஒரு பக்கம் பிடித்து இழுத்தார். கடைக்காரர் மறுபக்கம் இழுத்தார். கண்ணாடி நடுவில் கிடந்து கடகடவென்று ஆடியது.

“என்னங்க, கிளம்பலாமா?”

வாசலில் ஒரு பெண், முழங்கையில் சிவப்பு ஹெல்மெட்டைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் கையை விட, ஹெல்மெட் மேசையில் தொப்பென்று விழுந்தது.

கடைக்காரர் முந்திக்கொண்டார். “நல்ல நேரத்துல வந்தீங்கம்மா! உங்க அண்ணனா நினைச்சு நான் சொல்றதக் கேளுங்க. இன்னிக்கு நீங்க பஸ்ல போயிடுங்க. ரோடு கண்ணுக்கே தெரியக் கூடாதாம், கண்ணாடியைக் கீறிக் குடுங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு இவரு!”

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். கணவன் மின்விசிறியைப் பார்த்தார். அவளுடைய உதட்டோரம் லேசாகத் துடித்தது. கோபமா, சிரிப்பா என்று கண்டுபிடிக்கும் அளவுக்குக் கடைக்காரருக்கு அனுபவம் போதவில்லை.

கணவனின் சட்டைப் பையில் கைவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

கடைக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “பாத்தீங்களா? சாவியே போச்சு. தங்கமான பொண்ணு. இனிமே வண்டி உங்க கைக்கு வராது சார்.”

வந்தவர் பெருமூச்சு விட்டு, அதே கீறல் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். வாசலில் வண்டி உறுமியது, அணைந்தது, மறுபடியும் உறுமியது. கூடவே அவள் குரலும் வந்தது.

“பின்னாடி வந்து ஏறுங்க! பயமா இருந்தாக் கண்ணை மூடிக்கோங்க!”