ஒன்பது பேருக்குத்தான் இடம்

கடைசியில் ராசப்பன் பெயரைத்தான் அன்புசெல்வி கோடு போட்டு அடித்தாள்.

டாக்டர் சுரேந்தர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பத்துப் பேர்ல ரொம்ப மோசமா இருக்கறது இவர்தான். இவரையா எடுத்தீங்க?"

"ஆமாங்க சார்."

வெளியே டயாலிசிஸ் மெஷின்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாளைக் காலைக்குள் ஆஸ்பத்திரி முழுவதும் கொரோனா ஆஸ்பத்திரியாக வேண்டும் என்பது உத்தரவு. பனியன் கம்பெனி லைன் வீடுகளிலிருந்து மூச்சுத் திணறி வந்தவர்கள் வாசலில் ஆட்டோவிலேயே கிடந்தார்கள். உள்ளே படுக்க வைக்க இடமில்லை.

வாரம் இரண்டு முறை இங்கே வந்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள் பத்துப் பேர். காங்கயம் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஒன்பது பேரை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. மீதி ஒருவர் கோயமுத்தூர் போக வேண்டும். பஸ் ஓடவில்லை. போனாலும் அங்கே எப்போது இடம் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்யும் வேலை நர்ஸ் அன்புசெல்வியிடம் வந்தது. நான்கு வருடமாக அந்த வார்டைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். சுரேந்தர் தஞ்சாவூரிலிருந்து மாற்றுப்பணியில் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. நோயாளிகளை அவர் கேஸ் ஷீட்டில்தான் பார்த்திருந்தார். காலையிலிருந்து அவள் மூன்று தாள்களை எழுதிக் கிழித்திருந்தாள்.

"அஜீஸுன்னிசான்னு ஒருத்தங்க இருக்காங்களே. வயசு கம்மி. ஹார்ட்டும் நல்லா இருக்கு. அவங்கள அனுப்பலாமே?"

"அவங்க ஊட்டுல ரெண்டும் சின்னப் புள்ளைங்கங்க சார். கூடப் போறதுக்கு ஆளே கெடையாது."

"இவருக்கு?"

"சம்சாரம் இருக்குதுங்க."

சுரேந்தர் கேஸ் ஷீட்டைத் தட்டினார். "ஒரு தடவை தவறினாலே இவருக்கு நுரையீரல்ல தண்ணி கோத்துக்குது. போன மாசம் பொழச்சதே பெருசு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமுங்க. நாந்தான் கூட இருந்தனுங்க."

"அப்புறம் ஏன் இவரு?"

அன்புசெல்வி பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டாள்.

"மத்தவங்க யாருகிட்டச் சொன்னாலும் நான் என்ன பாவம் பண்ணுனேன்னு கேப்பாங்க சார். எனக்குப் பதில் சொல்லத் தெரியாதுங்க. இவரு கேக்க மாட்டாருங்க."

சுரேந்தரின் முகம் மாறியது. "வாயில்லாத மனுஷன்னு பாத்துத் தள்ளி விடறீங்களா, சிஸ்டர்?"

அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போகத் திரும்பினாள்.

"என் முன்னாடியே போன் பண்ணுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அவர் ஒரு வார்த்தை முடியாதுன்னு சொன்னாலும் வேற பேரு எழுதணும்."

அவள் எண்ணை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசறனுங்க. நாளைக்கு இங்க வர வேண்டாமுங்க. இந்த வார்டை எடுத்துட்டாங்க. பக்கத்துல ஒம்பது பேருக்குத்தான் இடம் கெடச்சுது." அவள் போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "உங்களைக் கோயமுத்தூருக்கு எழுதியிருக்கறனுங்க."

மறுமுனையில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு ஒரு கிழக்குரல், நிறுத்தி நிறுத்தி வந்தது.

"அந்தப் பொண்ணுக்குக் கெடச்சுதா? ரெண்டு புள்ளைங்கள வெச்சிட்டு வருமே."

"கெடச்சுதுங்க."

"அது போதும்."

சுரேந்தரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. தானே பேசிவிடலாம் என்று போனுக்குக் கை நீட்டினார். அதற்குள் அந்தக் குரல் மறுபடியும் வந்தது.

"நீ அழுவாத கண்ணு. உங்கம்மாகிட்ட அப்பா சொல்லிக்கறேன்."